ஐஃபங்க் செயற்கூறுகளில் பிரேக்பாயிண்ட் சரியான இடத்தில் அமையச் செய்வது எப்படி: டீபக்கர் நிரலாக்கத்திற்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸில் ஒரு நிரலை டீபக்கரில் ஏற்றி, ஸ்டிர்லென் என்ற செயற்கூற்றில் பிரேக்பாயிண்ட் வைத்து ஓட்டும்போது, சில சமயம் மெயின் தொடங்குவதற்கு முன்பே நூலகங்களை நிரலோடு இணைக்கும் டைனமிக் லிங்கரின் நடுவில் எங்கோ ஓட்டம் நின்றுவிடுகிறது. தொடரும்படி சொன்னால், நிரல் ஸ்டிர்லெனைப் பலமுறை அழைத்த பிறகும் ஒருமுறைகூட நிற்காமல் முடிந்துவிடுகிறது. பயன்படுத்துபவர் தாம் ஏதோ தவறாகக் கட்டளையிட்டதாக எண்ணிக்கொள்வார். உண்மையில் ஸ்டிர்லென் ஓர் ஐஃபங்க், அதாவது அதன் பல வடிவங்களில் எது ஓட வேண்டும் என்பது ஓட்டத்தின்போதே தீர்மானமாகும் செயற்கூறு; தவறு டீபக்கர் அந்தப் பெயரை முகவரியாக மாற்றிய விதத்தில் இருக்கிறது. அந்தத் தவறு எங்கே பிறக்கிறது, அதை எந்த வரிசையில் திருத்த வேண்டும், திருத்தியதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை, டீபக்கரின் உள்நிரலில் முதன்முறையாகக் கைவைப்பவர் பின்பற்றக்கூடிய வகையில் இக்கட்டுரை விளக்குகிறது. சி மொழியும், நிரல் நினைவகத்தில் எப்படி ஏற்றப்படுகிறது என்ற அடிப்படை அறிவும் போதுமானவை.

ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள்

லினக்ஸ் நிரல்களும் நூலகங்களும் சேமிக்கப்படும் எல்ஃப் கோப்பின் சிம்பல் அட்டவணையில் (பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் கொண்ட பட்டியலில்) ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வகை எண் உண்டு. சாதாரணச் செயற்கூற்றின் வகை எண் 2. ஜிஎன்யு கருவிகள் இதனுடன் 10 என்ற எண்ணில் ஒரு புதிய வகையைச் சேர்த்தன. அதற்கு எஸ்டிடி ஜிஎன்யு ஐஃபங்க் என்று பெயர். இவ்வகைச் சிம்பலின் மதிப்பாக இருக்கும் முகவரியில் நாம் அழைக்க விரும்பும் செயற்கூறு இருக்காது. அங்கே இருப்பது ரிசால்வர் எனப்படும் சிறு செயற்கூறு. அது செயலியின் (சிபியுவின்) திறன்களைப் பார்த்து, பல வடிவங்களில் எது இந்தக் கணினிக்குப் பொருந்தும் என்று முடிவு செய்து, அதன் முகவரியைத் திருப்பித் தருகிறது. டைனமிக் லிங்கர் அந்த முகவரியை ஜிஓடி என்ற முகவரி அட்டவணையில் எழுதிவைக்க, அதன்பின் வரும் அழைப்புகள் எல்லாம் நேரே அந்த இலக்குச் செயற்கூற்றுக்கே செல்கின்றன.

லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் ஸ்டிர்லென், மெம்காப்பி, மெம்செட், ஸ்டிர்சிஎச்ஆர் போன்றவை எக்ஸ்86-64 கணினிகளில் இப்படித்தான் அமைந்துள்ளன. ஸ்டிர்லெனுக்கு எஸ்எஸ்இ2, ஏவிஎக்ஸ்2, ஈவெக்ஸ் என, செயலியின் கட்டளை வகைகளுக்கு ஏற்ற தனித்தனி வடிவங்கள் உள்ளே இருக்கின்றன. நம் சொந்த நிரலிலும் ஜிசிசி கம்பைலர் தரும் ஐஃபங்க் பண்பை (அட்ரிபியூட்டை) கொண்டு இதை எழுதலாம். டார்கெட் குளோன்ஸ் என்ற பண்பைப் பயன்படுத்தினால், ரிசால்வரை கம்பைலரே உருவாக்கிவிடும். ஒரு நூலகத்தில் இவ்வகைச் சிம்பல்கள் உள்ளனவா என்று அறிய, ரீட்எல்ஃப் கருவியின் வெளியீட்டில் வகையைக் காட்டும் நெடுவரிசையில் ஐஃபங்க் என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். என்எம் கருவி அதே சிம்பலைச் சிறிய ஐ எழுத்தால் குறிக்கும்.

ஆகவே ஐஃபங்க் பெயர் ஒன்றுக்கு இரண்டு முகவரிகள் உண்டு: கோப்பில் எழுதியிருக்கும் ரிசால்வரின் முகவரி, ஓட்டத்தின்போது மட்டுமே தெரியவரும் இலக்கின் முகவரி. பிரேக்பாயிண்ட் கேட்பவருக்கு வேண்டியது எப்போதும் இரண்டாவதுதான். ஆனால் அவர் கேட்கும் நேரத்தில் அது பிறந்தே இராமல் இருக்கலாம். இந்த வேலை முழுவதும் காலத்தைப் பற்றியது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் தேவைப்படுகின்றன என்பது எளிதில் விளங்கும்.

முதற்படி: குறையை உங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவாருங்கள்

ஜிலிப்சியை வைத்துச் சோதிக்கத் தொடங்காதீர்கள். அதன் சிம்பல்கள் நீக்கப்பட்டிருக்கலாம், செயலிக்கு ஏற்ப இலக்கு மாறலாம், டீபக் தகவல் தனிப் பொதியில் இருக்கலாம். இத்தனை மாறிகளுக்கு நடுவே எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். மூன்று சிறு கோப்புகளை எழுதிக்கொள்வதே நல்லது: ஐஃபங்க் செயற்கூற்றை இரண்டு மூன்று முறை அழைக்கும் மெயின் கோப்பு, ரிசால்வரை மட்டும் கொண்ட கோப்பு, இலக்குச் செயற்கூற்றை மட்டும் கொண்ட கோப்பு. பின்னிரண்டையும் சேர்த்துப் பகிர்வு நூலகமாக்குங்கள். மூன்றையும் பிரித்து வைப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் டீபக் தகவலோடும் இல்லாமலும் தனித்தனியே கம்பைல் செய்ய முடியும் என்பதே.

ரிசால்வரை எழுதும் முறையிலும் இரண்டு வகை உண்டு. இரண்டையும் சோதிக்க வேண்டும். ஜிசிசியின் பண்பைப் பயன்படுத்தினால், ரிசால்வருக்குத் தனிப்பெயர் இருக்கும், ஐஃபங்க் பெயர் அதே முகவரியில் இரண்டாவது சிம்பலாக அமையும். மற்றொரு வகையில், சாதாரண சி செயற்கூறு ஒன்றை எழுதி, அதன் சிம்பல் வகையை மட்டும் அசெம்பிளர் கட்டளையால் ஐஃபங்க் என்று மாற்றிவிடலாம். அப்போது ரிசால்வரின் டீபக் தகவலில் உள்ள பெயரும் ஐஃபங்க் பெயரும் ஒன்றாகவே இருக்கும். டீபக்கர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டாம் வகையில்தான். ஜிஎன்யு டீபக்கரான ஜிடிபியின் சோதனைத் தொகுப்பில் உள்ள ஜிஎன்யு ஐஃபங்க் சோதனையும் பண்பு உண்டா இல்லையா, ரிசால்வருக்கு டீபக் தகவல் உண்டா இல்லையா, இலக்குக்கு உண்டா இல்லையா என்ற மூன்று கேள்விகளைப் பெருக்கி 8 சேர்க்கைகளாக ஓடுகிறது.

இந்த 8 சேர்க்கைகளோடு, நூலகம் சோம்பல் முறையில் (ஒவ்வொரு பெயரும் அதன் முதல் அழைப்பின்போது) இணைக்கப்படுகிறதா, தொடக்கத்திலேயே முழுவதும் இணைக்கப்படுகிறதா என்பதையும், பிரேக்பாயிண்ட் முதல் அழைப்புக்கு முன் வைக்கப்படுகிறதா, பின் வைக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்தால் 32 நிலைகள் வரும். இத்தனையும் தேவையா என்று தோன்றலாம். தேவைதான், ஒரு நிலையைச் சரிசெய்யும் திருத்தம் இன்னொன்றைக் கெடுப்பது இப்பகுதியில் மிக எளிதாக நடக்கும். எனவே திருத்தத்தை எழுதுவதற்கு முன்பே, எந்தெந்த நிலையில் பிரேக்பாயிண்ட் எந்த முகவரியில் அமைகிறது என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்படி: பெயர் எங்கே முகவரியாக மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள்

டீபக்கருக்குப் பெயர்களைப் பற்றி இரண்டு வழிகளில் தெரியும். ஒன்று டுவார்ஃப் டீபக் தகவலிலிருந்து வரும் முழுச் சிம்பல். அதற்கு வகை, வரி எண், உள்மாறிகள் எல்லாம் உண்டு. மற்றொன்று எல்ஃப் அட்டவணையிலிருந்து வரும், பெயரும் முகவரியும் வகையும் மட்டும் கொண்ட சிம்பல். ஜிடிபி இதை மினிமல் சிம்பல் என்று அழைக்கிறது. ஐஃபங்க் என்ற செய்தி இந்த இரண்டாவதில் மட்டுமே இருக்கிறது. டுவார்ஃபின் கண்ணுக்கு ரிசால்வர் மற்றெல்லாச் செயற்கூறுகளையும் போல ஒரு செயற்கூறு, அவ்வளவே.

பிரச்சினையின் வேர் இங்கேதான். பெயரைத் தேடும் பகுதி, முழுச் சிம்பல் கிடைத்துவிட்டால் அதே முகவரியில் உள்ள மினிமல் சிம்பலைத் தேவையற்ற இரட்டிப்பு என்று ஒதுக்கிவிடும். சாதாரணச் செயற்கூறுகளுக்கு இது முற்றிலும் சரியான நடைமுறை. ஆனால் ரிசால்வருக்கு டீபக் தகவல் இருந்து, அதன் பெயரும் ஐஃபங்க் பெயரும் ஒன்றாக இருந்தால், ஐஃபங்க் என்ற செய்தி அந்த ஒதுக்கலில் தொலைந்துபோகிறது. டீபக்கர் ரிசால்வரின் தொடக்க ஆயத்தப் பகுதியான புரோலாக்கைத் தாண்டி, அதன் உடலின் முதல் வரியில் பிரேக்பாயிண்டை வைத்துவிட்டு, எல்லாம் சரியாக நடந்ததாக அறிவிக்கிறது.

ஜிடிபியில் ஐஃபங்க் ஆதரவு 2011-இல் வந்தது. இந்தக் குறை உள்ளிட்ட பலவும் 2018-இல் வந்த 8.2 பதிப்புக்கான திருத்தங்களில் சரிசெய்யப்பட்டன. அவற்றில் இந்தக் குறைக்கான தீர்வு எளிமையானது, பின்பற்றத்தக்கது: தேடலில் கிடைத்த ஒவ்வொரு செயற்கூற்றுச் சிம்பலுக்கும், அதன் தொடக்க முகவரியிலேயே ஐஃபங்க் வகை மினிமல் சிம்பல் ஒன்று இதே பெயரில் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்திருந்தால் முழுச் சிம்பலை விட்டுவிட்டு, மினிமல் சிம்பலின் வழியே செல்ல வேண்டும். தேடல் பகுதி முழுவதையும் மாற்றியமைக்கும் ஆசை புதியவருக்கு வரக்கூடும். அதைத் தவிர்த்து, இந்த ஒரு கேள்வியை மட்டும் சேர்ப்பதே பாதுகாப்பானது. பெயர் தேடலை டீபக்கரின் பல கட்டளைகள் பகிர்ந்துகொள்வதால், பிரேக்பாயிண்டுக்காகத் தேடும்போது மட்டும் இச்சோதனை இயங்கும்படி எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். மூல நிரலைக் காட்டச் சொல்லும் கட்டளைக்கு ரிசால்வரின் வரிகளைக் காட்டுவதே சரி.

மூன்றாம்படி: இலக்கு இன்னும் தெரியாத நிலை

ஐஃபங்க் என்று அடையாளம் கண்டாகிவிட்டது. ரிசால்வர் இன்னும் ஓடவில்லை. இந்நிலையில் ஜிடிபி கையாளும் முறை, ரிசால்வரிலேயே தற்காலிகமாகக் காத்திருப்பது. பயன்படுத்துபவரின் பிரேக்பாயிண்டுக்கு ஐஃபங்க் ரிசால்வர் என்ற தனி வகை தரப்பட்டு, அது ரிசால்வரின் நுழைவாயிலில் வைக்கப்படுகிறது. பிரேக்பாயிண்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இந்த வகைப்பெயர் வெளிப்படையாகவே தெரியும். ரிசால்வர் அழைக்கப்பட்டவுடன், அது எந்த முகவரிக்குத் திரும்பப்போகிறது என்று கண்டறிந்து, அங்கே இரண்டாவது பிரேக்பாயிண்ட் உள்ளுக்குள் வைக்கப்படுகிறது. ரிசால்வர் திரும்பியதும், திருப்பப்பட்ட மதிப்பு படிக்கப்படுகிறது. அதுவே இலக்கின் முகவரி. முதல் பிரேக்பாயிண்ட் அங்கே நகர்த்தப்பட்டு, சாதாரண வகைக்கு மாற்றப்படுகிறது.

சொல்வதற்கு எளிதான இந்த ஓட்டத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் பல. ரிசால்வரில் வைக்கும் பிரேக்பாயிண்ட் புரோலாக்கைத் தாண்டாமல், முதல் இயந்திரக் கட்டளையிலேயே இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் திரும்பும் முகவரி எக்ஸ்86-64-இல் ஸ்டாக்கின் உச்சியிலும், ஆர்ம் 64-பிட் செயலிகளில் எக்ஸ்30 ரெஜிஸ்டரிலும் தெளிவாக இருக்கிறது. சில கட்டளைகள் ஓடிய பிறகு அதைத் தேட ஸ்டாக்கைப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும், டீபக் தகவல் இல்லாத நூலகத்தில் அது தோற்கக்கூடும்.

திரும்பும் இடத்தில் வைக்கும் இரண்டாவது பிரேக்பாயிண்ட், முகவரியை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது. டைனமிக் லிங்கர் பல ரிசால்வர்களை ஒரே இடத்திலிருந்து அழைக்கக்கூடும். ஆகவே அதே முகவரிக்கு வேறொரு ரிசால்வரும் திரும்பி வரலாம், வேறொரு திரெட்டும் வரலாம். ஆகையால் அதனுடன் ஸ்டாக் ஃபிரேமின் அடையாளத்தையும் திரெட்டின் அடையாளத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஒரே பெயரில் பயன்படுத்துபவர் இரண்டு பிரேக்பாயிண்டுகள் வைத்திருந்தால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே உள்பிரேக்பாயிண்ட் போதும்; ஆனால் நகர்த்தும்போது இரண்டையும் நகர்த்த மறந்துவிடக் கூடாது.

படித்த மதிப்பை அப்படியே முகவரியாகக் கொள்வது எக்ஸ்86-64-இல் சரியாக வேலை செய்யும். அதனாலேயே அது தவறான பழக்கத்தை உண்டாக்கும். 32-பிட் ஆர்மில் முகவரியின் கடைசி பிட் 1 ஆக இருந்தால், அது தம்ப் வகைக் கட்டளைகளைக் குறிக்கிறது. அந்த பிட்டை நீக்கிய பிறகே பிரேக்பாயிண்ட் வைக்க வேண்டும். பவர்பிசி 64-இன் பழைய அழைப்புமுறையில் ரிசால்வர் தருவது செயற்கூற்றின் விவரணைப் பதிவின் முகவரி. உண்மையான நுழைவாயிலை அந்தப் பதிவிலிருந்து படித்தெடுக்க வேண்டும். அங்கே ஐஃபங்க் சிம்பலும் நிரல் பகுதியைச் சுட்டாமல் அந்தப் பதிவுகளின் பகுதியையே சுட்டுவதால், ஜிடிபி அதற்கெனத் தரவு வகையிலான ஐஃபங்க் சிம்பல் என்று ஒரு தனிவகையே வைத்திருக்கிறது. உங்கள் டீபக்கரில் இம்மாற்றங்களைச் செய்யும் பொதுவான செயற்கூறுகள் முன்பே இருக்கும்; அவற்றைத் தேடிப் பயன்படுத்துங்கள், நீங்களே புதிதாக எழுத வேண்டாம்.

பயன்படுத்துபவரின் நிபந்தனைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் நீளம் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் மெம்காப்பியில் நிற்கும்படி கேட்டிருந்தால், அந்த நிபந்தனை இலக்குச் செயற்கூற்றின் உள்ளீடுகளைப் பற்றியது. ரிசால்வரில் நிற்கும்போது அதை மதிப்பிட்டால், அங்கே உள்ள ரெஜிஸ்டர்களில் தொடர்பில்லாத மதிப்புகளே இருக்கும். நிபந்தனை பொய் என்று முடிவாகி, திரும்பும் இடத்தில் பிரேக்பாயிண்ட் வைக்கும் வேலையே நடக்காமல் போகலாம். ரிசால்வரில் நிற்பது டீபக்கரின் சொந்தக் காரியம். நிபந்தனையை மதிப்பிடுவது, எத்தனை முறை நின்றது என்ற எண்ணிக்கையைக் கூட்டுவது, பயன்படுத்துபவர் இணைத்த கட்டளைகளை ஓட்டுவது ஆகிய எதையும் அந்த நிறுத்தத்தில் செய்யக் கூடாது.

நான்காம்படி: இலக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்ட நிலை

நடைமுறையில் அதிகம் சந்திக்க நேரிடுவது இந்த நிலைதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுவே. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுடன் டீபக்கரை இணைத்தால், ரிசால்வர் என்றோ ஓடி முடிந்திருக்கும். தொடக்கத்திலேயே எல்லாப் பெயர்களையும் இணைத்துவிடும் நிரல்களில், புதிய நூலகங்கள் ஏறிவிட்டன என்று டைனமிக் லிங்கர் டீபக்கருக்கு அறிவிக்கும் நேரத்துக்குள் ரீலொகேஷன் வேலை, அதாவது உண்மையான முகவரிகளை நிரப்பும் வேலை, முடிந்திருக்கக்கூடும். இவ்விரண்டிலும் ரிசால்வரில் காத்திருப்பது பயனற்றது. அது மீண்டும் அழைக்கப்படாமலே போகலாம்.

இங்கே விடை புராசஸின் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஐஃபங்க் பெயரை அழைக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அதற்கென ஜிஓடி அட்டவணையில் ஓர் இடம் உண்டு. லிங்கர் எழுதிய இலக்கு முகவரி அங்கே இருக்கும். எந்த இடம் எந்தப் பெயருக்கு உரியது என்பதை, பிஎல்டிக்கான (ஜிஓடியில் உள்ள முகவரிக்கு அழைப்பைக் கடத்தும் இடைப்பாலப் பகுதிக்கான) ரீலொகேஷன் பதிவுகளைப் படித்து அறியலாம். ஜிடிபி கோப்பை ஏற்றும்போதே ஒவ்வொரு பதிவுக்கும், செயற்கூற்றின் பெயரோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்து, உள்பயனுக்கான சிம்பல் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது; பின்னர் அந்தப் பெயரைத் தேடி, அங்கே உள்ள சுட்டியைப் படிக்கிறது.

இந்தப் பகுதியை எழுதும்போது லிங்கர்களின் பழக்கங்களை நம்பிவிடக் கூடாது. இணைப்பு முடிந்ததும் ஜிஓடியை எழுத முடியாததாக்கும் முழுமையான ரெல்ரோ பாதுகாப்புடன் கட்டப்பட்ட கோப்புகளில், பிஎல்டிக்கெனத் தனியாக இருக்கும் ஜிஓடி பகுதி இல்லாமல், எல்லா இடங்களும் பொதுவான ஜிஓடி பகுதியிலேயே அமைந்திருக்கும். ரீலொகேஷன் பகுதியின் தலைப்பு எந்தப் பகுதியைச் சுட்டுகிறது என்பதும் லிங்கரைப் பொறுத்து வேறுபடும். பகுதியின் பெயர் ஒன்றை மட்டும் தேடும் நிரல், அது கிடைக்காதபோது பிழை எதையும் தெரிவிக்காமல் திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஜிஓடி வழியே தேடும் பகுதி இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் அது ஒருநாளும் வெற்றிபெறாது. ஆகவே உங்கள் சோதனை நூலகத்தை ஏற்றியதும், அந்த உள்சிம்பல்கள் உண்மையிலேயே உருவாகியுள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜிஓடியில் படித்த மதிப்பையும் உடனே நம்பக் கூடாது. சோம்பல் முறையில் இணைக்கப்படும் நிரலில், முதல் அழைப்புக்கு முன் அந்த இடத்தில் பிஎல்டிக்கே திரும்பிச் செல்லும் ஒரு முகவரிதான் இருக்கும். அதை இலக்கு என்று கொண்டால், பிஎல்டியின் நடுவே பிரேக்பாயிண்ட் விழும். எனவே படித்த முகவரி பிஎல்டி பகுதிக்குள் இருந்தால், இன்னும் தீர்மானமாகவில்லை என்று பொருள்கொண்டு மூன்றாம்படியில் சொன்ன காத்திருப்புக்குத் திரும்ப வேண்டும். ஜிடிபி இதனுடன் இன்னொரு சோதனையும் செய்கிறது: அந்த முகவரியில் ஏதேனும் ஒரு சிம்பல் சரியாகத் தொடங்க வேண்டும், முகவரி ஒரு சிம்பலின் நடுவில் இருக்கக் கூடாது. இது குப்பை மதிப்புகளிலிருந்து காக்கும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. ஜிலிப்சியின் ஏவிஎக்ஸ்2 ஸ்டிர்லென் போன்ற இலக்குகள் நூலகத்துக்கு வெளியே தெரியாத உள்சிம்பல்கள்; முழுச் சிம்பல் அட்டவணை நீக்கப்பட்ட நூலகத்தில் அவற்றுக்குப் பெயரே இராது, சோதனையும் தோற்கும். ஆகவே திருத்தம் வேலை செய்யவில்லை என்று யாரேனும் சொன்னால், அவரிடம் ஜிலிப்சியின் டீபக் பொதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நிலையாக (ஸ்டேட்டிக் முறையில்) இணைக்கப்பட்ட நிரல்களிலும், நூலகத்துக்குள்ளேயே மறைவாக இருக்கும் ஐஃபங்குகளிலும் பெயரைக் கொண்டு ஜிஓடி இடத்தைத் தேட முடியாது. அங்கே இருப்பது ஐரெலேட்டிவ் என்ற ரீலொகேஷன். அதன் எண் எக்ஸ்86-64-இல் 37, ஆர்ம் 64-பிட்டில் 1032. இந்தப் பதிவில் சிம்பலின் பெயர் இல்லை; கூட்டெண்ணாக ரிசால்வரின் முகவரி மட்டுமே இருக்கிறது. பெயரை வைத்துத் தேடுவதற்குப் பதிலாக, ஐஃபங்க் சிம்பலின் முகவரியையும் இந்தக் கூட்டெண்ணையும் ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இடம் மாறி ஏற்றப்படும் கோப்புகளில், ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே அடிமுகவரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒருமுறை கண்டறிந்த இலக்கைக் கேஷில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு நூலகம் ஏறும்போதும் டீபக்கர் எல்லாப் பிரேக்பாயிண்டுகளையும் மறுபடி கணக்கிடுகிறது. அந்நேரத்தில் முன்பு தெரிந்திருந்த இலக்கு மறந்துபோனால், பிரேக்பாயிண்ட் மீண்டும் ரிசால்வருக்கே போய்விடும். அந்தக் கேஷ், ஏற்றப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும், புராசஸ் முடிந்ததும் அழிய வேண்டும். முகவரிகள் ஒவ்வோர் ஓட்டத்திலும் இடம் மாறும் அமைப்பில், பழைய ஓட்டத்தின் முகவரியில் வைக்கப்படும் பிரேக்பாயிண்ட் வேறு ஏதோ ஒரு கட்டளையின் நடுவில் விழுந்து நிரலையே கெடுத்துவிடக்கூடும்.

ரிசால்வரை டீபக்கரே அழைக்கலாமா?

இவ்வளவு சுற்றி வருவதற்குப் பதிலாக, ரிசால்வரை நேரடியாக அழைத்து விடையைப் பெற்றுவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. எல்எல்விஎம் திட்டத்தின் டீபக்கரான எல்எல்டிபி அப்படித்தான் செய்கிறது: பிரேக்பாயிண்டின் இடத்தில் ஐஃபங்க் போன்ற மறைமுகச் சிம்பல் இருப்பதைக் கண்டால், புராசஸுக்குள்ளேயே ரிசால்வரை ஓட்டி, கிடைத்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கே பிரேக்பாயிண்டை வைக்கிறது. ஜிடிபியும் பயன்படுத்துபவர் ஓர் ஐஃபங்க் செயற்கூற்றை அச்சிடு கட்டளையின் வழியே அழைக்கும்போது ரிசால்வரை ஓட்டுகிறது. அங்கே நிரலை ஓட்டும்படி அவரே கேட்டுவிட்டார்.

பிரேக்பாயிண்ட் வைப்பதற்காக அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக்பாயிண்ட் வைப்பது நிரலின் நிலையை மாற்றாத செயல் என்று பயன்படுத்துபவர் நம்புகிறார், அந்த நம்பிக்கையைக் காப்பது டீபக்கரின் கடமை. ரிசால்வர் ஓடும்போது ஒரு பூட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றுவிடலாம். நூலகத்தின் ரீலொகேஷன் முடியாத நேரத்தில் அழைத்தால் அது செயலிழந்தே போகலாம். சில செயலிகளில் ரிசால்வர் வன்பொருள் திறன்களைக் குறிக்கும் பிட்டுகளை உள்ளீடாக எதிர்பார்க்கிறது; கர்னல் தரும் துணைப்பட்டியலிலிருந்து அம்மதிப்பைப் படித்துக் கொடுக்காவிட்டால், உண்மையில் பயன்பாட்டில் இல்லாத வேறோர் இலக்கை அது தேர்ந்தெடுக்கும். பிரேக்பாயிண்ட் அப்போது சரியாக வைக்கப்பட்டதுபோல் தோன்றி, ஒருபோதும் நிறுத்தாது. புராசஸே இல்லாமல் கோர் கோப்பை (புராசஸின் நினைவகப் பதிவை) மட்டும் ஆராயும்போது அழைப்பதற்கே வழியில்லை. ஜிஓடியைப் படிக்கும் முறை அங்கேயும் இலக்கைக் காட்டிக்கொடுக்கும். ஓடும் புராசஸுடன் இணையும்போது, ஜிஓடியிலும் விடை கிடைக்காத கடைசி நிலையில் மட்டும், பயன்படுத்துபவர் வெளிப்படையாக அனுமதித்தால் ரிசால்வரை அழைக்கலாம் என்பது என் கருத்து.

ஐந்தாம்படி: முகவரியிலிருந்து பெயருக்குச் செல்லும் தேடலையும் பாருங்கள்

பிரேக்பாயிண்டைச் சரிசெய்த பிறகு, அதே குறை ஸ்டெப் கட்டளையில் ஒளிந்திருக்கும். சோம்பல் முறையில் இணைக்கப்படும் ஐஃபங்க் செயற்கூற்றின் முதல் அழைப்பில் ஸ்டெப் கொடுத்தால், ஓட்டம் பிஎல்டியிலிருந்து டைனமிக் லிங்கருக்கும், அங்கிருந்து ரிசால்வருக்கும் போய், பிறகே இலக்கை அடைகிறது. ரிசால்வருக்கு டீபக் தகவல் இருந்தால், வரி எண் உள்ள செயற்கூறு கிடைத்துவிட்டது என்று எண்ணி டீபக்கர் அங்கேயே நின்றுவிடும். ரிசால்வரை டைனமிக் லிங்கரின் பகுதியாகவே கருதி, ஸ்டெப் அதைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

இதற்கு, நின்ற முகவரி ஒரு ஐஃபங்க் ரிசால்வருக்குள் இருக்கிறதா என்று கேட்கத் தெரிய வேண்டும். பண்பைப் பயன்படுத்தி எழுதிய ரிசால்வரின் முகவரியில் இரண்டு சிம்பல்கள் இருப்பதை முன்பே பார்த்தோம். முகவரியைக் கொடுத்துப் பெயரைத் தேடினால், எது கிடைக்கும் என்பது அட்டவணையின் வரிசையைப் பொறுத்த தற்செயலாகிவிடும். ஜிடிபி இதற்காகத் தேடும் செயற்கூற்றில் விருப்பம் என்ற ஓர் உள்ளீட்டைச் சேர்த்தது: சாதாரணச் சிம்பல் வேண்டுமா, பிஎல்டி போன்ற இடைப்பாலம் வேண்டுமா, ஐஃபங்க் வேண்டுமா என்று அழைப்பவரே சொல்ல வேண்டும். ஸ்டெப் பகுதி ஐஃபங்கை விரும்பிக் கேட்கிறது. பேக்ட்ரேஸ் பகுதி சாதாரணப் பெயரைக் கேட்பதால், ரிசால்வரில் நிற்கும்போது அதன் உண்மையான பெயரே திரையில் தெரிகிறது.

ஆறாம்படி: சோதனைகளை எழுதுதல்

பிரேக்பாயிண்ட் அடிபட்டதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இங்கே போதாது; ரிசால்வரிலும் அது அடிபடும். வைத்தவுடன் டீபக்கர் அறிவிக்கும் முகவரி இலக்குச் சிம்பலின் முகவரியோடு பொருந்துகிறதா, டீபக் தகவல் இருந்தால் இலக்குக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். டீபக் தகவல் உள்ள இலக்கில் புரோலாக்கைத் தாண்டிய முகவரியும், இல்லாத இலக்கில் டீபக்கர் கட்டளைகளைப் பகுத்துக் கணித்த முகவரியும் எதிர்பார்க்கப்படும் என்பதால், இரண்டு நிலைகளுக்கும் ஒரே எண்ணை எழுதிவைக்காதீர்கள்.

ஒவ்வொரு சேர்க்கையிலும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்: மெயினில் நின்று முதல் அழைப்புக்கு முன் வைத்தது, முதல் அழைப்பு முடிந்தபின் வைத்தது. அதன்பின் நிரலைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓட்டி, பழைய பிரேக்பாயிண்ட் புதிய ஓட்டத்திலும் இலக்கிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்; கேஷ் அழியாத குறை இங்கேதான் வெளிப்படும். இச்சோதனைக்காக முகவரிகளை இடம்மாற்றும் பாதுகாப்பை இயக்கிவைக்க வேண்டும், ஏனெனில் ஜிடிபி வழக்கமாக அதை அணைத்துவிட்டே நிரலைத் தொடங்குகிறது. அணைத்த நிலையில் பழைய முகவரியும் புதியதும் ஒன்றாகவே இருந்து குறையை மறைத்துவிடும். ஐஃபங்க் ஆதரவு இல்லாத கருவித்தொகுப்புகளில் சோதனை தோல்வியாகக் காட்டாமல், ஆதரவில்லை என்று அறிவித்து விலக வேண்டும்.

இவை எல்லாம் சரியாக ஓடிய பிறகு ஜிலிப்சியின் ஸ்டிர்லெனுக்குத் திரும்புங்கள். ஜிலிப்சியின் டியூனபிள் அமைப்பில் வன்பொருள் திறன்களுக்கான மாறியைக் கொண்டு ஏவிஎக்ஸ்2-ஐ மறைத்து ஒருமுறையும், மறைக்காமல் ஒருமுறையும் ஓட்டினால், ரிசால்வர் வேறு வேறு இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும். பிரேக்பாயிண்டும் அதைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். உங்கள் திருத்தம் இன்னும் வெளியாகாத பழைய டீபக்கரை வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு மாற்றுவழியையும் எழுதிக்கொடுங்கள்: ஐஃபங்க் பெயரை விட்டுவிட்டு, இலக்கின் உள்பெயர்களை ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பொருத்தும் ஆர்பிரேக் கட்டளையைக் கொடுத்தால், செயற்கூற்றின் எல்லா வடிவங்களிலும் பிரேக்பாயிண்ட் அமையும், அவற்றில் உண்மையில் பயன்படும் ஒன்று மட்டும் நிறுத்தும்.